மழையில் கட்டி, குளிரில் பறக்கவிடும் விமானம்: ஒரு திறந்த மடல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் பள்ளியிலும் ஐ.டி.ஐ.யிலும் கல்லூரியிலும் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு,

மின்மோட்டாரில் ஓடி, ரேடியோவின் சொல் கேட்டு, வானில் குட்டிக்கரணம் போடும் மாதிரி விமானத்தின் வாழ்வு பெரும்பாலும் மேசையின் மேல்தான் கழிகிறது. நுனிக்கு நுனி ஒரு மீட்டர் இறக்கை கொண்ட ஒரு விமானத்தைப் பூட்டிச் சரிபார்க்கச் சில வாரங்கள் ஆகும். ஒரு தடவை பறப்பது ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஆறு நிமிடத்தில் நடக்கப்போவதை முன்பே தீர்மானிப்பது மேசை வேலை. மும்பையின் பருவங்களும் இதற்கு இசைவாகவே இருக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அது கட்டுவதற்கும் கணினியில் பழகுவதற்கும் உரிய காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலைக் காற்று அடங்கியிருக்கும். அது பறக்கவிடும் காலம்.

இந்த ஒழுங்கு மாதிரி விமானத்துக்கு மட்டும் உரியதல்ல. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் மூட்டையுடன் ஜுஹு தளத்தில் வந்து இறங்கினார். அங்கிருந்து அந்த அஞ்சலை விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். மழைக்காலம் வந்ததும் அந்தச் சேவை ஜுஹுவின் சேற்றுத் தரையை விட்டுப் புணேவுக்கு இடம் மாறியது.

சாகச விமானம் என்பது பயிற்சி விமானத்தின் வேகமான வடிவம் அன்று. அதன் கட்டமைப்பே வேறு. பயிற்சி விமானத்தில் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவும் நுனிகள் சற்று மேல்நோக்கித் தூக்கியும் இருக்கும். கையை எடுத்துவிட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும். சாகச விமானத்தின் இறக்கை உடலின் நடுவே செல்கிறது. மேலும் கீழும் ஒரே வளைவு. நுனிகளில் தூக்கல் கிடையாது. ஆகவே நேராகப் பறப்பதும் தலைகீழாகப் பறப்பதும் அதற்கு ஒன்றுதான். எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே போய்க்கொண்டிருக்கும், தானாக நிமிராது. எக்ஸ்ட்ரா 300, எட்ஜ் 540, யாக் 54 போன்ற முழு அளவு சாகச விமானங்களின் பெயரில் விற்கப்படும் மாதிரிகளெல்லாம் இந்த இனமே. இறக்கையில் எய்லரான், கிடைமட்ட வாலில் எலிவேட்டர், செங்குத்து வாலில் ரடர் என அவற்றின் அசையும் பரப்புகள் மூன்றும் அளவில் பெரியவை, அசைவிலும் பெரியவை. எனவே ஒரு குழுவின் முதல் விமானம் இதுவாக இருக்கக் கூடாது. நிதானமான பயிற்சி விமானத்தை ஒரு பருவம் முழுக்க ஏற்றி இறக்கிய பிறகே இதைத் தொட வேண்டும். இந்த இடத்தில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. முதல் விமானமாகச் சாகச விமானத்தை வாங்கியவர்களில் பலர் அதைச் சில நொடிகளுக்கு மேல் பறக்கவிட்டதில்லை.

உடலுக்கும் இறக்கைக்கும் பழைய முறை பால்சா மரம். எடை மிகக் குறைவு, வெட்ட எளிது. ஆனால் மும்பையின் ஈரக் காற்றில் அதன்மேல் ஒட்டிய படலம் தளர்ந்து சுருக்கம் கொள்ளும், மெல்லிய பலகை முறுக்கிக்கொள்ளும். மூன்று பேர் உறங்கும் அறையில் பரணில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய விமானத்துக்கு அது ஏற்றதல்ல. வெள்ளைத் தெர்மாகோல் மலிவு. ஆனால் விழுந்தால் உதிரும், ஃபெவிக்விக் போன்ற சாதாரணப் பசை பட்ட இடம் கரைந்து குழியாகும். இ.பி.பி. எனப்படும் பாலிபுரொப்பிலீன் ஃபோம்தான் குழுவுக்கு நல்ல தேர்வு. அது வளைந்து திரும்பும், முறிந்தாலும் ஒட்டிக்கொள்ளும், ஈரத்தைச் சட்டை செய்யாது. தனியாக நின்றால் தொய்யும் என்பதால் இறக்கைக்குள்ளும் உடலின் நீளத்திலும் கார்பன் குச்சிகளைப் பதிக்க வேண்டும். தாராவியின் தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் பழகிய கைக்கு இது அந்நிய வேலை அல்ல. கத்தியின் முனை மழுங்கியதைக் காதாலேயே அறிவதும், ஒரே இழுப்பில் நேராக வெட்டுவதும், சரிவாகச் சீவுவதும், பசையைக் கஞ்சமாகத் தடவுவதும் அங்கே அன்றாடத் தொழில். கடையில் வாங்கிய பெட்டியைப் பிரித்துப் பூட்டுபவருக்கு இல்லாத முன்னேற்பாடு இந்த வீட்டுப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மின்சாரத்தில் பறக்கும் மாதிரிகள் நீண்ட காலம் வேடிக்கைப் பொருளாகவே இருந்தன. 1957 இல் இங்கிலாந்தில் எச்.ஜே. டாப்ளின் ரேடியோவால் இயங்கும் மின்விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். ஆனால் அன்றைய பேட்டரியின் எடை சாகசத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பிரஷ் இல்லாத மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கைக்கெட்டும் விலைக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. அந்தப் பேட்டரியை எல்லோரும் லைப்போ என்றே சொல்கிறார்கள். ஒரு செல் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. மூன்று செல்களை வரிசையாக இணைத்தால் 11.1 வோல்ட். மோட்டாரின் மேல் 1000 கே.வி. என்று எழுதியிருந்தால் அது கிலோவோல்ட் அல்ல, ஒரு வோல்ட்டுக்கு 1000 சுற்று என்பது பொருள். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 11,100 சுற்று. புரொப்பெல்லரை மாட்டினால் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு இறங்கும். 11 அங்குல விட்டமும் ஒரு சுற்றுக்கு 5 அங்குல முன்னேற்றமும் உள்ள புரொப்பெல்லருடன் அந்த மோட்டார் 25 ஆம்பியர் எடுத்தால் திறன் சுமார் 275 வாட். விமானத்தின் எடை 850 கிராம் என்றால் கிலோவுக்கு 320 வாட்டுக்கு மேல் கிடைக்கிறது. பயிற்சி விமானத்துக்கு இதில் பாதி போதும். சாகசத்துக்கு இது தேவை. செங்குத்தாக ஏறும்போது விமானத்தைத் தாங்குவது இறக்கை அல்ல, புரொப்பெல்லரின் இழுவிசை. அது எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் மேலேறும் விமானம் பாதியில் திணறாது.

மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்பது ஈ.எஸ்.சி. எனும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை. 25 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 40 ஆம்பியர் பலகை வைப்பது நிம்மதி. ரேடியோவின் சொல்லை வாங்கும் ரிசீவருக்கும் பரப்புகளை அசைக்கும் நான்கு செர்வோக்களுக்கும் வேண்டிய 5 வோல்ட்டையும் அதுவே தருகிறது. 2200 மில்லியாம்பியர்-மணி பேட்டரியில் 80 விழுக்காட்டைத்தான் செலவழிக்கலாம்; சராசரியாக 15 ஆம்பியர் எடுத்தால் ஏழு நிமிடம் வரும். ரேடியோவில் ஆறு நிமிடத்துக்கு மணி அடிக்கும்படி வைத்தால் இறங்க ஒரு நிமிடம் மிச்சம். இந்த உதிரிகளை லேமிங்டன் ரோட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம். ரேடியோவும் சார்ஜரும்தான் செலவு கூடியவை. ஐந்து பேர் குழுவுக்கு ஒவ்வொன்று போதும்.

பூட்டும் வேலை பசை இல்லாமல் தொடங்குகிறது. எல்லாத் துண்டுகளையும் முதலில் வெறுமனே பொருத்திப் பார்த்து, உட்காராத இடத்தைச் சீவிச் சரிசெய்ய வேண்டும். உடலும் இறக்கையும் சேர்ந்த பிறகு கிடைமட்ட வாலின் இரு நுனிகளிலிருந்தும் அந்தந்தப் பக்கத்து இறக்கை நுனிக்கு நூல் பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் ஒரே நீளம் வரும்வரை வாலுக்குப் பசை தொடக் கூடாது. பின்னால் நின்று பார்த்தால் இறக்கையும் வாலும் இணையாகவும், செங்குத்து வால் அவற்றுக்குச் சரியான மூலைமட்டத்திலும் தெரிய வேண்டும். இங்கே இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் விமானம் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பக்கம் நழுவும். அதை ரேடியோவில் திருத்த முயல்வது வீண். மோட்டார் உட்காரும் பலகையை அரால்டைட் போட்டு ஒட்டுவது நல்லது. விமானத்தில் அதிக அதிர்ச்சி வாங்கும் இடம் அதுவே. மோட்டாரின் அச்சு வலப்பக்கம் இரண்டு பாகை திரும்பியிருக்கும். அது தவறல்ல, புரொப்பெல்லரின் சுழற்சியால் மூக்கு இடப்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஏற்பாடு.

அடுத்தது கம்பிகள். செர்வோவின் சிறு கையிலிருந்து எய்லரானுக்கோ எலிவேட்டருக்கோ அசைவைக் கொண்டுபோகும் கம்பிக்கு இந்தியாவில் பலரும் சைக்கிள் ஸ்போக்ஸைப் பயன்படுத்துகிறார்கள். 2 மில்லிமீட்டர் தடிமனும் ஒரு முனையில் திருகு மரையும் கொண்ட நல்ல பொருள் அது. கடற்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் லேசாக எண்ணெய் துடைத்து வைக்க வேண்டும். செர்வோவை முதலில் மின்சாரம் கொடுத்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே கையை மூலைமட்டத்தில் மாட்டுவது முறை. கம்பி மாட்டும் கொம்பின் துளை கீல் கோட்டுக்கு நேர் மேலே வர வேண்டும். முன்னோ பின்னோ தள்ளினால் மேல் அசைவும் கீழ் அசைவும் ஏறுமாறாகும். விரலால் அசைத்துப் பார்க்கையில் பரப்பு தளர்ந்து ஆடினால் அதைப் பறக்கவிடக் கூடாது. வேகத்தில் அந்தத் தளர்ச்சி படபடப்பாக மாறி, ஓரிரு நொடியில் பரப்பையே பிய்த்துவிடும்.

எல்லாம் ஏறிய பிறகு ஈர்ப்பு மையம் பார்க்க வேண்டும். இந்த மடலின் பிற பகுதிகள் மறந்தாலும் இது நினைவில் நிற்க வேண்டும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அகலம் 26 செ.மீ., நுனியில் 16 செ.மீ. என்றால் கணக்குக்குரிய சராசரி அகலம் 21.4 செ.மீ. அந்தச் சராசரி அகலம் விழும் இடத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 விழுக்காடு, அதாவது 5.4 முதல் 6.4 செ.மீ. தொலைவில் எடை சமனாக வேண்டும். முதல் பறத்தலுக்கு இந்த எல்லையின் முன்பாதியே பாதுகாப்பானது. மூக்கு கனமான விமானம் சோம்பேறியாகப் பறக்கும், ஆனால் வீடு வந்து சேரும். வால் கனமானது ஒவ்வொரு அசைவுக்கும் மிகையாகத் துள்ளி, கை எட்டுவதற்குள் தலைகுப்புறும். சமன் செய்ய ஈயம் கட்டுவதற்கு முன் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். விமானத்திலேயே கனமான தனிப்பொருள் அதுதான். இடம் முடிவானதும் அங்கே பேனாவால் கோடு போட்டு வைத்தால் வயலில் அவசரத்தில் பிசகாது. மோட்டாரின் அச்சையும் வாலையும் பிடித்துத் தூக்கி எந்த இறக்கை தாழ்கிறது என்று பார்த்து, லேசான பக்கத்து நுனியில் ஓர் ஆணியைப் பதித்தால் பக்கவாட்டுச் சமனும் கிடைத்துவிடும்.

ரேடியோவில் எண்களை அமைக்கும்போது புரொப்பெல்லர் விமானத்தில் இருக்கவே கூடாது. 275 வாட் மோட்டார் தவறுதலாக ஓடினால் விரலெலும்பு வரை வெட்டும்; சிறிய அறையில் விலகி ஓட இடமும் கிடையாது. மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும். பரப்புகளின் திசையை விமானத்துக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். குச்சியை வலப்பக்கம் சாய்த்தால் வல எய்லரான் மேலே எழ வேண்டும்; தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். தலைகீழ் எய்லரானோடு ஏறிய விமானத்தை யாராலும் காப்பாற்ற முடிந்ததில்லை என்றே சொல்லலாம். அசைவின் அளவை இரண்டு நிலைகளில் வைப்பது வழக்கம். பழகும் நிலையில் எய்லரானுக்கு 12 முதல் 15 பாகை, எலிவேட்டருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு சுவிட்சைத் தட்டினால் 40 பாகைக்கு மேல் போகும் சாகச நிலை. குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பை 30 விழுக்காடு வைக்கலாம். ஆனால் சில தயாரிப்புகளில் கூட்டல் குறியும் சிலவற்றில் கழித்தல் குறியும் மென்மையைத் தரும் என்பதால் பரப்பின் அசைவைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைக்க வேண்டும். விமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரேடியோவை அணைத்துப் பார்ப்பதே அதற்குச் சோதனை. தானே நிமிர்த்தும் கைரோ ரிசீவர்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றோடு தொடங்கியவரின் கை விமானத்தைப் படிக்கக் கற்பதில்லை. முதல் பருவத்தில் அவை வேண்டாம்.

லைப்போ பேட்டரியை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாராவியின் சந்துகளில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. 2200 பேட்டரியை 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜரே வேண்டும். பேட்டரியை மண்சட்டியிலோ மணல் போட்ட இரும்பு வாளியிலோ வைத்து, திரைச்சீலையும் துணிமூட்டையும் இல்லாத இடத்தில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்ய வேண்டும். இரவில் போட்டுவிட்டு உறங்கக் கூடாது. வாரக்கணக்கில் சும்மா இருக்கப் போகும் பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். முழுதாக ஏற்றி வைத்தாலும் முழுதாக இறக்கி வைத்தாலும் அது கெடும். உப்பிய பேட்டரி எதுவாயினும் அதன் ஆயுள் முடிந்தது.

மழை மாதங்களின் மற்றொரு பாதி வேலை சிமுலேட்டர். ரேடியோவை யு.எஸ்.பி. கம்பியால் பழைய மடிக்கணினியில் இணைத்தால் அதே குச்சிகளால் திரையில் விமானத்தை ஓட்டலாம். விமானம் தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும் குழப்பமும், தலைகீழாகப் பறக்கையில் எலிவேட்டர் எதிர்மாறாக வேலை செய்யும் குழப்பமும் அங்கேதான் தீரும். திரையில் நூறு விமானம் நொறுங்கினாலும் செலவில்லை. பறத்தலைப் பற்றிய சட்டமும் இந்த மாதங்களிலேயே படிக்கப்பட வேண்டியது.

2021 ஆகஸ்ட்டில் வந்த டிரோன் விதிகள் ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் வானூர்திகளுக்குப் பொருந்தும். இறக்கை வைத்த மாதிரி விமானமும் அதில் அடங்கும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ பிரிவு. வணிக நோக்கமில்லாமல் அவற்றை ஓட்ட விமானிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே என்பது வேறு கேள்வி. முன் அனுமதி தேவையில்லாத பசுமை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடி வரைதான். 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே பசுமை மண்டலம் கிடையாது. உரிய அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் மும்பை விமான நிலையத்திலிருந்து அந்த 8 கிலோமீட்டருக்குள்ளேயே விழுகின்றன. செம்பூருக்குப் பக்கத்தில் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. இவற்றுக்கு மேல் மும்பைக் காவல்துறை அவ்வப்போது தடை ஆணை பிறப்பிக்கிறது. டிரோன்களோடு ரேடியோவால் இயங்கும் சிறு விமானங்களையும் அது பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆகவே மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸிலோ, செம்பூரின் மைதானங்களிலோ, மாஹிம் கழிமுக ஓரத்திலோ ஒரு நிமிடம்கூட ஏற்றக் கூடாது. பிடிபடுவோம் என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கட்டுப்பாடு இழந்த 850 கிராம் விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் விழுவதற்கு அங்கே ஆளில்லாத தரையே கிடையாது.

வழி நகரத்துக்கு வெளியே இருக்கிறது. முன்பு பன்வேல் பக்கம் போவது எளிதாக இருந்தது. 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையம் திறந்து வைக்கப்பட்ட பிறகு அங்கேயும் அதே வளையங்கள் வந்துவிட்டன. வாங்கணியைத் தாண்டி, நேரல், கர்ஜத் பக்கத்து நெல் வயல்கள் அறுவடை முடிந்து நவம்பரில் வெறுமையாகின்றன. ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும்; பதிவெண் குறித்த நடப்பு விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயலுக்குச் சொந்தக்காரரிடம் நேரில் அனுமதி கேட்க வேண்டும். தாதரிலோ குர்லாவிலோ கர்ஜத் வண்டி ஏறினால் போதும். இறக்கையைக் கழற்றித் துணி உறையில் போட்டால் லோக்கல் வண்டியின் சாமான் பரணில் விமானம் அடங்கிவிடும். பேட்டரியின் முனைகளை டேப் சுற்றி, நசுங்காத பெட்டியில் தனியே எடுத்துச் செல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயில்வேயின் மெகா பிளாக் அறிவிப்பை முன்தினமே பார்த்துக்கொள்வது நல்லது. காலை மூடுபனி விலகிய நேரத்திலிருந்து கடற்காற்று வலுப்பதற்குள் பறந்து முடிப்பது எளிது. மகர சங்கராந்தியை ஒட்டிய நாட்களில் பட்டமும் மாஞ்சா நூலும் இல்லாத வானமா என்று பார்த்தே ஏற்ற வேண்டும்.

வயலில் ஓட்டுபவர் ஒருவர். பக்கத்தில் நின்று மனிதர், மாடு, பருந்து, நேரம் ஆகியவற்றைக் குரலெழுப்பிச் சொல்பவர் ஒருவர். மற்றவர்கள் இருவருக்கும் பின்னால் நிற்க வேண்டும். விமானம் அந்தக் கோட்டுக்குப் பின்னே வரவே கூடாது. ரேடியோவை முதலில் இயக்கி, பிறகு பேட்டரியை மாட்ட வேண்டும். கழற்றும்போது முறை தலைகீழ். ரேடியோவின் வீச்சுச் சோதனை, பரப்புகளின் திசை, புரொப்பெல்லரின் எழுத்து முன்பக்கம் பார்க்கிறதா என்பது, பேட்டரிப் பட்டையின் இறுக்கம் இவற்றைப் பார்த்த பின் காற்றுக்கு எதிராக ஏற்ற வேண்டும். முதல் பறத்தலில் சாகசம் எதுவும் இல்லை. பாதி வேகத்தில், கை எடுத்தாலும் நேராகப் போகும்வரை டிரிம் செய்வது. பிறகு உயரத்துக்குப் போய் மோட்டாரைக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல இழுத்து, எந்த வேகத்தில் இறக்கை தாங்கலை விடுகிறது என்று பார்ப்பது. மேலே சொன்ன அளவுகளில் இறக்கைப் பரப்பு 21 சதுர டெசிமீட்டர். ஒவ்வொன்றும் 40 கிராம் சுமக்கிறது. அத்தகைய விமானம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரில் விடும். எனவே 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும். ஈர்ப்பு மையத்தைக் கூர்மையாகச் சோதிக்க, 45 பாகையில் ஏறியபடியே தலைகீழாகத் திருப்பிக் குச்சியை விட வேண்டும். தரையை நோக்கி வேகமாக வளைந்தால் மூக்கு கனம். வானத்தை நோக்கி வளைந்தால் வால் கனம். நேர்கோட்டிலிருந்து மெல்லத் தாழ்ந்தால் சரியான இடம்.

சாகசங்களில் முதலாவது வட்டம். 1913 இல் கீவ் நகரத்தில் பியோத்தர் நெஸ்தெரொவ் முழு அளவு விமானத்தில் முதன்முதலாகப் போட்டது அதைத்தான். குச்சியை இழுத்துப் பிடித்தால் வட்டம் வந்துவிடும் என்று தோன்றும். வருவது முட்டை வடிவம். ஏறும்போது வேகம் குறைவதால் மேல்பகுதி குறுகுகிறது. ஏறுகையில் முழு மோட்டார், உச்சியில் எலிவேட்டரைச் சற்றுத் தளர்த்துதல், இறங்குகையில் மோட்டாரைக் குறைத்தல் மூன்றும் சேர்ந்தால்தான் அது வட்டம். அடிப்பகுதியில் நொடிக்கு 18 மீட்டர் வேகமும் 10 மீட்டர் ஆரமும் இருந்தால் இறக்கை தாங்குவது எடையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல், அதாவது சுமார் 3.7 கிலோ. மேசையில் பதித்த கார்பன் குச்சிக்கு அந்த நொடியில் வேலை வருகிறது.

உருளல் எளிதாகத் தெரியும். ஒழுங்காகச் செய்வது கடினம். எய்லரான் விமானத்தைச் சுழற்றும்போது மூக்கு தாழ்ந்துகொண்டே வரும். தொடங்குமுன் மூக்கைச் சற்றுத் தூக்கி, தலைகீழாகும் கணத்தில் எலிவேட்டரை முன்னே தள்ளி, மீண்டும் விட வேண்டும். மெதுவான உருளலில் விமானம் பக்கவாட்டில் நிற்கும் இரண்டு கணங்களில் ரடரும் சேரும். அப்போது தாங்குவது இறக்கை அல்ல, உடலின் பக்கம். இதையே நீட்டித்தால் கத்திமுனைப் பறத்தல். இந்த இனத்து மாதிரிகளின் உடல் உயரமாகக் கட்டப்படுவதற்கு அதுவே காரணம். தலைகீழ்ப் பறத்தலைக் குறைந்தது 50 மீட்டர் உயரத்தில் பழக வேண்டும். பயத்தில் கை இழுக்கத்தான் விரும்பும், இழுத்தால் தரைதான். திரையில் கழித்த மழை மாதங்கள் இங்கே உதவும்.

ஸ்டால் டர்ன் என்பது செங்குத்தாக ஏறி, வேகம் ஏறத்தாழ இல்லாமல் போகும் கணத்தில் முழு ரடர் கொடுத்து, நின்ற இடத்திலேயே திரும்பி அதே கோட்டில் இறங்குவது. ஒரு கணம் தாமதித்தால் விமானம் வாலால் சறுக்கும். முந்தினால் வில்போல் வளையும். கடைசியாகக் கற்பது தொங்கல், புரொப்பெல்லரின் இழுவிசையிலேயே விமானத்தை வானில் செங்குத்தாக நிறுத்துவது. அப்போது இறக்கையைத் தாங்கும் காற்றோட்டம் இல்லை. புரொப்பெல்லர் பின்னே தள்ளும் காற்றுதான் வாலையும் எய்லரானின் உட்பகுதியையும் பிடித்திருக்கிறது. மோட்டாரின் எதிர்விசையால் விமானம் இடப்பக்கம் மெல்லச் சுழலும். வல எய்லரான் கொடுத்துத் தடுக்கலாம், அல்லது சுழலவிட்டு அழகு பார்க்கலாம். உலக அளவிலான எஃப்3ஏ போட்டியில் இரண்டு மீட்டருக்கும் ஐந்து கிலோவுக்கும் மிகாத விமானங்கள் ஏறத்தாழ 150 மீட்டர் தொலைவில், வரைந்துகொடுத்த வரிசையில் இந்த உருவங்களைப் போடுகின்றன. இந்தக் கலையில் பழகிய கை வேறு வேலைக்கும் உதவும். மாதிரி விமானங்களில் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்த, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா அணி, மருந்துப் பணிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் 2018 இல் ஆஸ்திரேலியாவில் இரண்டாமிடம் பெற்றது.

ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் பேட்டரியைக் கழற்றித் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் புரொப்பெல்லர் பெரிது அல்லது பேட்டரி பழசு. மோட்டார் திருகு, கொம்புகள், கீல்கள் ஆகியவற்றை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். கீறல் விட்ட புரொப்பெல்லரை ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. விழுந்து முறிந்த ஃபோமை அன்றே ஒட்டலாம். ஆனால் மோதிய பேட்டரியைத் திறந்த வெளியில் அரை மணி நேரமாவது தனியே வைத்துக் கவனித்த பிறகே பெட்டியில் போட வேண்டும்.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையிலோ பழைய சாமான் மூட்டையிலோ போடக் கூடாது. தாராவியின் 13 காம்பவுண்டில் வந்து விழும் கழிவைக் கையால்தான் பிரிக்கிறார்கள். அங்கே யாரோ ஒருவரின் சுத்தியலுக்கடியில் அது வெடித்துத் தீப்பிடிக்கும். 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை மாட்டி, ஆளில்லாத திறந்த இடத்தில் பல்பு அணைந்து பல மணி நேரம் ஆகும்வரை இறக்க வேண்டும். மீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பின் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி டேப் சுற்ற வேண்டும். 2022 இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியம் பேட்டரிகளுக்கும் பொருந்தும். அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம், உள்ளே இருப்பது என்னவென்று சொல்லி, அதை ஒப்படைக்க வேண்டும்.